கேள்வியை ஊகிக்கும் உரிமை

பத்தாம் வகுப்பு வரலாற்றுத் தேர்வுக்கு முன்னால் ‘எது வரும்?’ என்று கணக்குப் போடுவது குற்றமில்லை. அந்தக் கணக்கை மாணவர்கள் கையிலிருந்து வாங்கி அச்சடித்த பட்டியலிடம் கொடுத்துவிட்டோம், சிக்கல் அங்கேதான். கள்ளக்குறிச்சியையும் கல்வராயன்மலையையும் முன்வைத்து ஒரு வாதம்.

கல்வராயன்மலையின் வெள்ளிமலையிலோ சேராப்பட்டிலோ பத்தாம் வகுப்பு படிக்கும் பிள்ளை, பொதுத்தேர்வுக்குள் அமெரிக்க வரலாற்றில் கணிசமான தூரத்தைக் கடந்தாக வேண்டும். 1917-ல் அமெரிக்கா முதல் உலகப்போரில் இறங்கியது, 1918 ஜனவரியில் உட்ரோ வில்சன் அறிவித்த 14 அம்சத் திட்டம், 1929 அக்டோபரில் நியூயார்க் பங்குச் சந்தை சரிந்து உலகத்தையே இழுத்துக்கொண்டு போன பெருமந்தம், 1941 டிசம்பர் 7 அன்று முத்துத் துறைமுகத்தில் விழுந்த குண்டுகள், போருக்குப் பிறகு ட்ரூமன் கோட்பாடு, மார்ஷல் திட்டம் என்று அது நீள்கிறது. சமூக அறிவியல் புத்தகத்தின் வரலாற்றுப் பகுதியில் 10 பாடங்கள். முதல் 4 உலக வரலாறு. அடுத்த 6, பத்தொன்பதாம் நூற்றாண்டின் சீர்திருத்த இயக்கங்களில் தொடங்கி, தமிழ்நாட்டின் சமூக மாற்றங்களில் முடிகின்றன. இதோடு புவியியல், குடிமையியல், பொருளியல். எல்லாம் சேர்ந்து ஒரே தாள், 3 மணி நேரம், 100 மதிப்பெண். இத்தனையையும் ஒரே ஆழத்தில் படித்து முடிக்கிற பிள்ளைகள் குறைவு. ஆகவே அரையாண்டுத் தேர்வு முடிந்த கையோடு, மலையிலும் சமவெளியிலும் ஒரே பேச்சுதான்: எட்டு மார்க்கில் எது வரும், அஞ்சு மார்க்கில் எதை விடலாம்?

இந்தப் பேச்சைக் கேட்டதும் பெரியவர்கள் சலித்துக்கொள்கிறார்கள். முழுப் புத்தகத்தையும் படிக்க உடம்பு வணங்காத பிள்ளை தேடும் குறுக்குவழி என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். அந்த முடிவு தவறு. எது கேட்கப்படும் என்று ஒரு மாணவி யோசிக்கும்போது, எது முக்கியம், ஏன் முக்கியம் என்றும் சேர்த்தே யோசிக்கிறாள். வரலாறு படிப்பதன் சாரமே அந்த யோசனைதான். அதை அவளே செய்தால் படிப்பு. அவளுக்காக வேறு யாரோ செய்து முடித்த பட்டியலை மனப்பாடம் செய்தால் அது வெறும் சுமை. நம் தேர்வு முறை முதலாவதைத் தண்டித்து, இரண்டாவதை வளர்க்கிறது. மாற்ற வேண்டியது தேர்வை. பிள்ளைகளின் ஊகத்தை இல்லை.

பட்டியல் எப்படிப் பிறக்கிறது?

கடையில் விற்கும் எந்தக் கைடையும் பிரித்துப் பார்த்தால், ஒவ்வொரு வினாவின் கடைசியிலும் சதுர அடைப்புக்குள் பொடி எழுத்தில் குறிப்புகள் இருக்கும்: எந்த ஆண்டுப் பொதுத்தேர்வில் வந்தது, எந்தத் துணைத்தேர்வில் வந்தது, பெற்றோர் ஆசிரியர் கழக வினாத்தாளில் எத்தனையாவது தாளில் வந்தது, அரசு மாதிரி வினாத்தாளில் இருந்ததா என்று. வெர்செய்ல்ஸ் உடன்படிக்கை, ஹிட்லரின் எழுச்சி, ஐக்கிய நாடுகள் சபை, வேலூர் புரட்சி போன்ற தலைப்புகளைச் சுற்றி இந்தக் குறிப்புகள் வரிசை கட்டி நிற்கும். ஒரு குறிப்பும் இல்லாத வினாக்களும் அதே பக்கத்தில் உண்டு. மாணவர்களின் கண் அவற்றின் மேல் நிற்பதே இல்லை. டியூஷன் சென்டர்களும் சிறப்பு வகுப்புகளும் இந்தக் குறிப்புகளை எண்ணிப் பார்த்து ‘இம்பார்ட்டண்ட் கொஸ்டின்’ தாள் தயாரிக்கின்றன. எண்ணும் முறைக்கு எழுதப்படாத விதிகள் சில இருக்கின்றன. அடிக்கடி வந்தது மறுபடி வரும். போன பொதுத்தேர்வில் வந்தது இந்த முறை வராது. திருப்புதல் தேர்வில் வந்ததை விட்டுவிடாதே. புக் பேக்கை, அதாவது பாடத்தின் முடிவிலுள்ள வினாக்களை, முடிக்காமல் பாடத்தின் உள்ளே போகாதே.

இரண்டாவது விதியைக் கவனியுங்கள். வினாக்கள் குலுக்கிப்போட்டு எடுக்கப்பட்டால் போன ஆண்டு வந்தது இந்த ஆண்டும் வருவதற்குத் தடையேதும் இல்லை. ஆனால் வினாத்தாள் தயாரிப்பவரும் மனிதர். கேட்டதையே திரும்பக் கேட்கத் தயங்குவார். அந்தத் தயக்கத்தைப் பதினைந்து வயதுப் பிள்ளைகள் மோப்பம் பிடித்திருக்கிறார்கள். தரவைப் பார்த்து, தரவைத் தந்தவரின் மனத்தையும் கணிக்கிறார்கள். இதைச் சோம்பேறித்தனம் என்பது எவ்வகையிலும் பொருந்தாது.

வினாத்தாளின் அமைப்பும் இந்தக் கணக்கைத் தூண்டிவிடுகிறது. ஒரு மதிப்பெண் வினாக்கள் 14. இரண்டு மதிப்பெண்ணில் 14 கேட்டு 10 எழுதச் சொல்கிறார்கள். ஐந்து மதிப்பெண்ணிலும் 14 கேட்டு 10. எட்டு மதிப்பெண்ணில் இரண்டு. அவற்றிலும் ‘அல்லது’ உண்டு. ஒரு பேச்சுக்கு, ஒருவர் பாதிப் பாடங்களை மட்டும் படித்திருக்கிறார் என்று கொள்வோம். வெவ்வேறு பாடங்களிலிருந்து இரண்டு வினாக்கள் கொடுத்து ஒன்றை எழுதச் சொன்னால், படித்த ஒன்று கிடைப்பதற்கு நான்கில் மூன்று வாய்ப்பு. மூன்றில் ஒரு பங்கு மட்டுமே படித்தவருக்கும் ஒன்பதில் ஐந்து, அதாவது பாதிக்கும் மேல். தேர்ந்து படித்தால் போதும் என்று தேர்வே சொல்லிக்கொடுத்துவிட்டு, பிள்ளைகள் தேர்ந்து படிக்கிறார்கள் என்று குறைப்படுவதில் நியாயம் இல்லை.

தேர்ச்சியின் விளிம்பில் நிற்கும் பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கு இன்னும் கூர்மையானது. அண்மை ஆண்டு வினாத்தாள்களில் வரைபடங்களுக்கு 13 மதிப்பெண், காலக்கோட்டுக்கு 5, ஒரு மதிப்பெண் வினாக்களுக்கு 14. கூட்டினால் 32. தேர்ச்சிக்கு வேண்டியது 35. காரணம், விளைவு, தொடர்பு என்று ஒரு பத்தியும் எழுதாமலே தேர்ச்சியின் வாசல்வரை வந்துவிடலாம். மெல்லக் கற்கும் மாணவர்களுக்கென்று தயாராகும் குறைந்தபட்சக் கற்றல் கையேடுகள் இந்த வழியைத்தான் காட்டுகின்றன. ஹவாய்த் தீவை உலக வரைபடத்தில் சரியாகக் குறித்துவிட்டு, அங்குள்ள முத்துத் துறைமுகத்தில் விழுந்த குண்டு ஏன் அமெரிக்காவைப் போருக்குள் இழுத்தது என்று ஒரு வரிகூட எழுத வராமல் பள்ளியை முடிப்பது இன்றைக்குச் சாத்தியம்.

மலைக்கும் சமவெளிக்கும் நடுவில்

கள்ளக்குறிச்சி, 2019 நவம்பர் 26 அன்று விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமாயிற்று. அதன் மேற்கே எழும் கல்வராயன்மலை, கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. அங்கே பெரும்பான்மையாக வாழ்பவர்கள் மலையாளி பழங்குடியினர். பெற்றோர் வேலை தேடி வெளியூர் போய்விட, அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளிலேயே தங்கிப் படிக்கும் பிள்ளைகள் அங்கே உண்டு. சமவெளியில் ஊகம் பல வழிகளில் வந்து சேருகிறது: டியூஷன், இரண்டு மூன்று பதிப்பகங்களின் கைடுகள், போன வருடம் எழுதிய அண்ணன், இரவு பதினோரு மணிக்கு வாட்ஸ்அப்பில் வரும் ‘நாளை உறுதியாக வரும்’ பட்டியல். செல்போன் சிக்னல் சரியாக எட்டாத மலையூர்களில், வீட்டில் முதன்முதலாகப் பத்தாம் வகுப்பைத் தொடும் பிள்ளைக்கு, ஆசிரியர் கொடுக்கும் ஒரே தாள்தான் உலகம். அந்தத் தாள் பொய்த்தால் மாற்று கிடையாது.

‘எதிர்பாராத கேள்வி’ யாரைத் தாக்குகிறது என்பதை இங்கிருந்து பார்க்க வேண்டும். பாடத்தின் உள்ளிருந்து கேட்டுவிட்டார்கள் என்று தேர்வு முடிந்த மாலையில் எழும் புலம்பல் எல்லா ஊரிலும் கேட்பதுதான். ஆனால் நகரத்துப் பிள்ளைக்கு அது நான்கைந்து மதிப்பெண் இழப்பு. மலைப் பிள்ளைக்கு அது தேர்ச்சியா இல்லையா என்ற கேள்வி. ஆக, வினாத்தாளை ஒளித்துவைப்பதால் எல்லோரும் சமமாகிவிடுகிறார்கள் என்ற நம்பிக்கைக்கு அடிப்படை இல்லை. ஒளித்துவைத்ததைக் கணிக்கும் கருவிகள் யாரிடம் அதிகமோ அவர்களுக்கே அது சாதகமாகிறது.

இங்கே ஒரு வேறுபாட்டை அழுத்திச் சொல்ல வேண்டும். வினாத்தாள் கசிவு திருட்டு. 2024-ல் நீட் தேர்வைச் சுற்றி நாடு கண்ட கொந்தளிப்பும், அதே ஆண்டு நடைமுறைக்கு வந்த பொதுத்தேர்வு முறைகேடுகள் தடுப்புச் சட்டமும் அந்தத் திருட்டைப் பற்றியவை. ஊகம் அப்படிப்பட்டதில்லை. எல்லோருக்கும் கிடைக்கும் பழைய தாள்களையும் பாடத்தையும் வைத்து, அறிவைப் பயன்படுத்தி ஒரு முடிவுக்கு வருவது அது. இந்த இரண்டையும் ஒரே சந்தேகக் கண்ணால் பார்ப்பதால்தான், வகுப்பறையில் வெளிப்படையாக நடக்க வேண்டிய ஓர் அறிவுப் பயிற்சி டியூஷன் சென்டரின் ரகசிய விற்பனைச் சரக்காகிவிட்டது.

ஊகம் எப்போது படிப்பாகிறது?

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு உளவியலாளர்கள் 2006-ல் வெளியிட்ட ஆய்வு இந்தக் கேள்விக்கு விடை தேட உதவும். ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்களையும், ஒருமுறை படித்துவிட்டுப் பார்க்காமல் எழுதிப் பார்த்தவர்களையும் அவர்கள் ஒப்பிட்டார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பப் படித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது எழுதிப் பார்த்தவர்களே நன்றாக நினைவு வைத்திருந்தார்கள். தனக்குத் தானே கேள்வி கேட்டு விடை தேடுபவருக்குப் பாடம் தங்குகிறது. ‘பெருமந்தம் ஏன் அமெரிக்காவோடு நிற்கவில்லை என்று கேட்பார்களோ?’ என ஒரு மாணவி ஊகித்து, புத்தகத்தை மூடிவைத்து எழுதிப் பார்த்தால், அவள் செய்வது இதைத்தான். அதே வினாவின் விடையைக் கைடிலிருந்து பத்து முறை வாய்விட்டுப் படித்தால், அது தேர்வு அறையின் வாசலோடு நின்றுவிடுகிறது.

அமெரிக்க வரலாற்றை அமெரிக்கப் பிள்ளைகளுக்கே தேர்வு வைக்கும் முறையிலும் நமக்குப் பாடம் இருக்கிறது. அங்கே பள்ளி மாணவர்கள் மே மாதம் எழுதும் அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட் வரலாற்றுத் தேர்வுக்கு முன்னால் கட்டுரைத் தலைப்பை ஊகிக்கும் ஆரவாரம் நம்மூருக்குச் சளைத்ததில்லை. ஆனால் அதில் ஒரு முக்கியக் கட்டுரை, ஆவணங்களை வைத்து எழுதுவது. ஏழு ஆவணங்கள் தாளிலேயே தரப்படும்: ஒரு கடிதம், ஒரு சட்டப் பிரிவு, ஒரு கேலிச்சித்திரம் இப்படி. அவற்றைப் படித்து, ஒன்றோடொன்று மோதவிட்டு, தன் வாதத்தை எழுத வேண்டும். மதிப்பெண் 7, தெளிவான வாதத்துக்கு 1, காலப் பின்னணிக்கு 1, சான்றுகளுக்கு 3, பகுத்தாய்வுக்கு 2. தலைப்பைச் சரியாக ஊகித்தவருக்கும் மனப்பாடக் கட்டுரை அங்கே அதிகம் உதவாது. ஊகிக்கும்போது சேர்ந்த அறிவு மட்டும் உதவும். அந்த நாட்டுக் கல்லூரிகளில், வரக்கூடிய கட்டுரை வினாக்களை ஆறு ஏழு என்று முன்கூட்டியே கொடுத்து, அவற்றில் இரண்டு தேர்வில் வரும் என்று சொல்லிவிடும் பேராசிரியர்களும் உண்டு. ஒளிப்பதற்கு எதுவும் இல்லாத கேள்வியே அவர்களுக்குப் போதுமானதாக இருக்கிறது.

இப்போது கல்வராயன்மலையிலிருந்தே ஒரு வினாவைக் கேட்போம். இந்த மலை, சடையக் கவுண்டன், குரும்பக் கவுண்டன், ஆரியக் கவுண்டன் ஆகிய மூன்று ஜாகீர்தார்களின் (பரம்பரை நில உரிமையாளர்களின்) கீழ் நூற்றாண்டுக் கணக்கில் இருந்தது. கிருஷ்ணதேவராயர் காலத்தில் கொடுக்கப்பட்டது என்று சொல்லப்படும் உரிமை அது. சென்னை மாகாணத்தில் ஜமீன்களை ஒழிக்கும் எஸ்டேட் ஒழிப்புச் சட்டம் 1948-லேயே வந்துவிட்டது. ஆனால் கல்வராயன்மலை அரசின் நேரடி நிர்வாகத்துக்குள் வந்தது 1976-ல். நாடு விடுதலை பெற்று 29 ஆண்டுகள் கழித்து. ‘1947-ல் வந்த விடுதலை இந்த மலைக்கு ஏன் 1976-ல் வந்தது?’ எந்தக் கைடிலும் இதற்கு விடை இல்லை; எந்தப் பட்டியலிலும் இது ‘இம்பார்ட்டண்ட்’ இல்லை. இதற்கு இணையாக அமெரிக்க வரலாற்றில் ஒரு நிகழ்ச்சி இருக்கிறது. ஆபிரகாம் லிங்கனின் அடிமை விடுதலைப் பிரகடனம் 1863 ஜனவரி 1-ல் நடைமுறைக்கு வந்தது. டெக்சாஸ் மாநிலத்தின் கால்வெஸ்டன் நகரில் அது அறிவிக்கப்பட்டது 1865 ஜூன் 19-ல், இரண்டரை ஆண்டு தாமதமாக. அந்த நாள் 2021 முதல் அமெரிக்காவில் தேசிய விடுமுறை. சட்டம் எழுதப்படும் நாளும் அது மனிதர்களை வந்தடையும் நாளும் ஏன் வேறுபடுகின்றன? அதிகாரமா, தூரமா, யாருக்கும் அவசரம் இல்லாததா? இந்த இரண்டு நிகழ்ச்சிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து யோசித்த பிள்ளை, உலக வரலாறும் உள்ளூர் வரலாறும் ஒரே கேள்வியின் இரு பக்கங்கள் என்று தானே கண்டுகொள்வாள். இந்தத் தாமதம் பழங்கதையும் இல்லை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் விஷச்சாராயம் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்த பிறகு, கல்வராயன்மலை மக்களின் வாழ்நிலை பற்றிச் சென்னை உயர் நீதிமன்றம் தாமாக முன்வந்து வழக்கெடுத்தது. சாலையும் ரேஷன் கார்டும் சாதிச் சான்றும் இன்னும் ஏன் எல்லோரையும் எட்டவில்லை என்ற இன்றைய கேள்விக்கு, அந்த 29 ஆண்டு தாமதமும் ஒரு பகுதி விடை.

எதிர்வாதங்கள்

முதல் எதிர்வாதம் கனமானது. பத்தாம் வகுப்பில் தேர்ச்சி பெறாத மலைப் பெண்ணுக்கு அடுத்தது கல்யாணம். பையனுக்கு வெளி மாநிலக் கூலி வேலை. அவர்களைக் கரைசேர்க்க ஆசிரியர்கள் விடுமுறை நாளிலும் வந்து, இருபது வினாக்களைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்துப் படிக்கவைக்கிறார்கள். அதைப் போய் மனப்பாடம் என்று ஏளனம் செய்யலாமா? கூடாது. அந்த உழைப்பு வணங்கத்தக்கது, அந்தக் கையேடு இன்றைய நிலையில் தேவையும்கூட. ஆனால் அந்த இருபதைத் தேர்ந்தெடுக்கும் வேலையில் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ள என்ன தடை? ‘இந்தப் பாடத்திலிருந்து மூன்று கேள்வி எடுங்கள், ஏன் எடுத்தீர்கள் என்று ஒரு வரி சொல்லுங்கள்’ என்று ஒரு வகுப்பு நடத்தினால் நேரம் வீணாகாது. மெல்லக் கற்கும் பிள்ளையால் காரணம் சொல்ல முடியாது என்று நாமே முடிவு செய்வதுதான் உண்மையான ஏளனம்.

இரண்டாவது எதிர்வாதம்: கேள்விகளை முன்கூட்டியே வெளியிட்டால் அவற்றை மட்டுமே படிப்பார்கள். இப்போதும் அதுதான் நடக்கிறது. பட்டியல் கடையில் விற்கிறது என்பது மட்டுமே வித்தியாசம். அரசே வெளியிடும் தொகுப்பு எல்லாப் பாடங்களையும் தொடும்படி 40 விரிவான வினாக்களாக இருந்தால், தொகுப்பைப் படிப்பதே பாடத்தைப் படிப்பதாகிவிடும். ‘அல்லது’ கொடுக்கும் இரண்டு வினாக்களும் ஒரே பாடத்திலிருந்து வரட்டும். அப்போது பாதிப் பாடங்களை ஒதுக்குபவரின் வாய்ப்பு நான்கில் மூன்றிலிருந்து பாதியாக இறங்கும். எதையும் ஒளிக்காமலே முழுப் புத்தகத்தையும் படிக்கவைக்கும் வழி இது.

மூன்றாவது, திருத்துவது பற்றியது. ஆண்டுதோறும் சுமார் 9 லட்சம் பேர் எழுதும் தேர்வில், விடைக்குறிப்பில் இல்லாத விடையை யார் எப்படி மதிப்பிடுவது? வரிக்கு வரி ஒப்பிடும் விடைக்குறிப்பு போதாதுதான். ஆனால் வாதத்துக்கு இத்தனை, சான்றுக்கு இத்தனை, பின்னணிக்கு இத்தனை என்று பிரித்துக் கொடுக்கும் முறை பல லட்சம் பேர் எழுதும் தேர்வுகளில் பல்லாண்டுகளாக நடைமுறையில் இருக்கிறது. ஐந்து மதிப்பெண்ணில் ஒரே ஒரு வினாவை அப்படி வைத்துத் தொடங்கலாம். சான்று தாளிலேயே தரப்படுவதால், டியூஷன் போனவர், போகாதவர் இருவரும் அதை முதன்முதலாகத் தேர்வு அறையில்தான் பார்ப்பார்கள். மலைப் பிள்ளைக்குக் கூடுதல் சாதகம் வேண்டாம். சமமான தொடக்கம் கிடைத்தால் போதும்.

ஊகிக்கத்தக்க தேர்வு தரம் தாழ்ந்தது என்பதும் ஒரு வாதம். அயர்லாந்தில் பள்ளி இறுதித் தேர்வு பற்றி இதே குற்றச்சாட்டு எழுந்தபோது, அந்நாட்டுத் தேர்வு ஆணையம் ஆக்ஸ்ஃபோர்டு, பெல்ஃபாஸ்ட் குவீன்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்களைக் கொண்டு முறையாக ஆராய்ந்தது. வினாத்தாள்கள் பொதுவாகச் சிக்கல் தரும் அளவுக்கு ஊகிக்கத்தக்கவையாக இல்லை என்பது 2014-ல் வெளியான அந்த ஆய்வின் முடிவு. நாம் கற்க வேண்டியது அந்த முடிவைவிட அந்த அணுகுமுறையை. தேர்வு நடத்துபவரே தன் தாளை ஆய்வுக்கு வைத்தார்.

அடுத்த தேர்வுக்கு முன்

2025-ல் வெளியான மாநிலக் கல்விக் கொள்கை பிளஸ் ஒன் பொதுத்தேர்வைக் கைவிட்டிருக்கிறது. பத்துக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில் இனி வேறு பொதுத்தேர்வு இல்லை என்பதால், பத்தாம் வகுப்புத் தாளின் பொறுப்பு கூடியிருக்கிறது. அரசுத் தேர்வுகள் இயக்ககமும் மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனமும் சேர்ந்து நான்கு காரியங்களைச் செய்யலாம். பள்ளி திறக்கும் ஜூனிலேயே வரலாற்றுக்கான விரிவான வினாத் தொகுப்பை எல்லாப் பள்ளிக்கும் அச்சிட்டுக் கொடுத்து, எட்டு மதிப்பெண் வரலாற்று வினா அதிலிருந்தே வரும் என்று உறுதி தரலாம். சான்று கொடுத்து யோசிக்கச் சொல்லும் ஒரு வினாவைக் கட்டாயமாக்கலாம். மாணவர்களே வினா தயாரித்து, காரணம் சொல்லி, விடை எழுதும் பயிற்சியை அகமதிப்பீட்டில் சேர்க்கலாம். 2019-ல் புதிய புத்தகம் வந்ததிலிருந்து கேட்கப்பட்ட வினாக்கள் அனைத்தையும் வெளியார் ஆய்வுக்குத் திறந்துவிடலாம். இவற்றில் எதற்கும் புதிய கட்டடமோ பெரிய நிதியோ வேண்டியதில்லை.

நன்னூல் வகுத்த அறுவகை வினாக்களைப் பத்தாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தில் இதே பிள்ளைகள் படிக்கிறார்கள். தான் அறிந்ததைப் பிறர் அறிவாரா என்று சோதிக்கும் அறிவினா ஒன்றையே பத்தாண்டுப் படிப்பு முழுக்க நாம் அவர்களிடம் கேட்டுக்கொண்டிருக்கிறோம். அறியாததை அறிய எழும் கேள்வியும், இதுவா அதுவா என்ற ஐயமும் அவர்கள் வாயிலிருந்து வரவேண்டியவை. தேர்வுக்கு முன் ‘எது வரும்?’ என்று கேட்கும் பிள்ளைக்கு அந்தக் கேள்விகளைக் கேட்கும் திறமை ஏற்கெனவே இருக்கிறது. அதைப் பட்டியலாக விற்பவர்களிடமிருந்து மீட்டு, வெள்ளிமலை வகுப்பறைக்கும் கள்ளக்குறிச்சி வகுப்பறைக்கும் ஒரே அளவில் கொடுப்பது அரசின் கடமை. வரும் ஜூனிலேயே அதைத் தொடங்கலாம்.